நாட்டுக்கோழின்னு வாங்குனது நாட்டுக்கோழிதானா?

அடுப்படி கேள்வி பதில்

போன இதழ்ல பிராய்லர் கோழிக்கு வக்காலத்து வாங்கி ரெண்டே ரெண்டு வரி எழுதிட்டேன், அவ்ளோதான், இந்த மாசம் வந்த கேள்வில முக்காவாசி கறிக்கேள்வி. திட்டுனவங்க பாதி, சந்தேகம் கேட்டவங்க பாதி. ஒரு ஐயா "எந்தக் கம்பெனிகிட்ட காசு வாங்குனீங்க"ன்னே கேட்டுட்டாரு. காசெல்லாம் ஒண்ணும் இல்லீங்க, சேலம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் 19 வருஷம் மெஸ் நடத்துனவ நான், பிராய்லர் இல்லைன்னா அந்த மெஸ்ஸே இல்ல, சோறு போட்ட கோழியைத் திட்ட மனசு வரல. என் தம்பி வேற ராசிபுரம் பக்கம் பிராய்லர் ஷெட்டு போட்டிருக்கான், அதையும் இப்பவே சொல்லிடுறேன், அப்புறம் மறைச்சுட்டேன்னு யாரும் பேசக்கூடாது பாருங்க. இந்த வாட்டி முழுக்க கறிதான். சைவக்காரங்க கோச்சுக்காம அடுத்த பக்கத்துக்குப் போயிருங்க.

கேள்வி: அக்கா வணக்கம். சின்ன வயசுல காடையாம்பட்டியில எங்க அம்மாயி வீட்டுக்குப் போனா கோழி அடிச்சு குழம்பு வெப்பாங்க, வாசனை தெருமுனைக்கே வரும். இப்ப கடையில நாட்டுக்கோழின்னு கேட்டு பிராய்லரை விட ரொம்ப அதிக காசு கொடுத்துதான் வாங்குறேன். அந்த ருசி வரவே இல்ல. கோழி மாறிடுச்சா, என் நாக்கு மாறிடுச்சா? (ஓமலூர் வாசகர்)

பதில்: ரெண்டும் கொஞ்சம் மாறியிருக்கு தம்பி, ஆனா முதல் குத்தம் அந்தக் கடை போர்டு மேலதான். இன்னைக்கு டவுன்ல நாட்டுக்கோழின்னு விக்கிறதுல பெரும்பாலானது கலப்பு இனம். செவப்பு, கறுப்பு, புள்ளின்னு இறகு பாக்க லட்சணமா இருக்கும், ஆனா ஷெட்டுக்குள்ளயே அடைச்சு, பிராய்லர் தின்ன அதே மக்காச்சோளமும் சோயா புண்ணாக்கும் தின்னு, 80, 90 நாள்ல கடைக்கு வந்துரும். வனராஜா, கிராமப்பிரியான்னு ஹைதராபாத் கோழி ஆராய்ச்சி நிலையத்துல உருவாக்குன ரகமெல்லாம் இருக்கு, அதுங்களை நான் குறை சொல்லல, வீட்டுப் புறக்கடையில விட்டு வளர்க்கத்தான் அதை உருவாக்குனாங்க. கூண்டுல போட்டு மூணு மாசத்துல அறுத்துட்டு நாட்டுன்னு போர்டு மாட்டுனா அந்தக் கோழி என்ன பண்ணும்.

உங்க அம்மாயி அடிச்ச கோழியை யோசிச்சுப் பாருங்க. ஒண்ணு, கூவ ஆரம்பிச்ச சேவலா இருக்கும், ஆறு மாசமாவது ஆகியிருக்கும். இல்ல முட்டை நிறுத்துன பெட்டைக்கோழியா இருக்கும், அதுக்கு ரெண்டு வயசு கூட இருக்கும். பகல் பூரா குப்பைமேட்டைக் கிளறும், கரையான் தின்னும், கம்பு, குருணை, கீரைத்தண்டு எது கிடைச்சாலும் கொத்தும், நாய் துரத்துனா ஓடும், ராத்திரி முருங்கைமரத்துல ஏறி ஒக்காந்துக்கும். பிராய்லரு 40 கிராம் குஞ்சா வந்து ஆறு வாரத்துல ரெண்டு கிலோவைத் தாண்டிரும். தீவனத்தட்டுக்கும் தண்ணிக்கும் நடுவுல நாலு எட்டு வெக்கிறதுதான் அதோட மொத்த நடையே. ஒண்ணரை மாசப் பச்சைக்குழந்தை அது. இளங்குருத்துல வைரம் தேடுனா கிடைக்குமா?

வேலை செஞ்ச சதையிலதான் நிறமும் சாறும் சேரும். கோழியிலயே பாருங்க, நடக்குற காலு செவப்பா இருக்கும், சும்மா இருக்குற நெஞ்சு வெளுப்பா இருக்கும். வீட்ல வளர்க்குற புறாவுக்கு நெஞ்சே கருஞ்செவப்பா இருக்கும், ஏன்னா அது பறக்குது. அடுத்து வயசு. வயசாக ஆக சதையைக் கட்டிப்போட்டிருக்குற சவ்வு உரமாகிக்கிட்டே போகும், அந்தச் சவ்வுதான் நிதானமா வெந்தா கரைஞ்சு குழம்புக்கு ஒரு பிசுபிசுப்பு கொடுக்கும், உதடு லேசா ஒட்டும் பாருங்க, அது. அப்புறம் கொழுப்பு. கொழுப்பை வழிச்செடுத்த வெறும் சதையில இது ஆடா கோழியான்னு மூக்கால கண்டுபிடிக்கிறது சிரமம், வாசனை பூரா கொழுப்புலதான் குடியிருக்கு, அந்தக் கொழுப்பு அது தின்ன தீனியில இருந்து வர்றது. தீனி ஒண்ணே ஒண்ணுன்னா வாசனையும் ஒண்ணே ஒண்ணுதான்.

இதைச் சும்மா சொல்லலீங்க, ஒரு ஞாயித்துக்கிழமை செஞ்சே பாத்தேன். மூணு சட்டி வெச்சேன். ஒண்ணுல பிராய்லர், ஒண்ணுல கொங்கணாபுரம் சனிக்கிழமை சந்தையில ஒரு அம்மாகிட்ட நேரா வாங்குன நாட்டுப்பெட்டை, மூணாவதுல லெக்கான். லெக்கான் தெரியும்ல, நாமக்கல் முட்டைப்பண்ணையில ஒண்ணரை வருஷம் முட்டை போட்டு ஓஞ்சு போன வெள்ளைக்கோழி, கழிச்சு விட்டா மலிவா கிடைக்கும், நிறையப் பேரு சீண்ட மாட்டாங்க. மூணுக்கும் உப்பு, மஞ்சள், நாலு சின்ன வெங்காயம், தண்ணி, அவ்ளோதான், மசாலா கிடையாது. வேகற நேரம் மட்டும் அதுஅதுக்குத் தகுந்த மாதிரி. அப்புறம் மூணு டம்ளர்ல சாறு ஊத்தி, எது எதுன்னு சொல்லாம வீட்ல எல்லாருக்கும் கொடுத்தேன்.

பிராய்லர் சாறு, வெந்நீருக்குக் கோழியைத் தூரத்துல நிறுத்திக் காட்டுனாப்ல இருந்துச்சு. அதை எல்லாரும் கண்டுபிடிச்சுட்டாங்க. ஆனா மத்த ரெண்டுல எது நாட்டுன்னு கேட்டா, நாலு பேர்ல மூணு பேரு லெக்கானைக் கை காட்டுனாங்க! என் தம்பியும்தான், கோழியிலயே பொழப்பு நடத்துறவன். மேல மஞ்சக் கலர்ல எண்ணெய் வட்டம் வட்டமா மிதந்து, இனிப்பா, கெட்டியா இருந்துச்சு. கூண்டை விட்டு ஒரு நாள் கூட இறங்காத கோழி அது, வெறும் வயசுதான் அந்த வேலையைப் பண்ணிருக்கு. சந்தைக்கோழி சாறுல என்ன வித்தியாசம்னா, குடிச்சு முடிச்சு கொஞ்ச நேரம் கழிச்சும் தொண்டையில ஒரு வாசம் நின்னுச்சு, பச்சையா, லேசா மண்ணு கலந்தாப்ல, அது லெக்கான்ல இல்ல. மேய்ச்சலுக்கு நான் கொடுக்குற மார்க்கு அதுக்குத்தான்.

கறியைத் தின்னப்ப கதை வேற. ஒம்பது வயசு பேரன் பிராய்லர் பீஸைத்தான் முடிச்சான், மத்தது "ரப்பர் பாட்டி"ன்னுட்டான். மறுவாரம் இதே மூணையும் மல்லி, மிளகா, தேங்கா வறுத்தரைச்சு குழம்பா வெச்சேன், குழம்பை மட்டும் தொட்டு நக்கி எது எதுன்னு ஒருத்தராலயும் சொல்ல முடியல, நான் உட்பட. 19 வருஷம் மெஸ் நடத்துன எனக்கே அசிங்கமாப் போச்சு.

அதனால தம்பி, நீங்க வாங்குனது நல்ல கோழியாவே இருந்தாலும் நாலு ஸ்பூன் மசாலாவுல அதைப் புதைச்சிருக்கலாம். அம்மாயி அம்மிக்கல்லுல அரைச்ச மசாலா இவ்ளோ இருந்திருக்காது.

கடையில எப்படிப் பாக்குறதுன்னும் சொல்லிடுறேன். இறகைப் பாக்காதீங்க, காலைப் பாருங்க. வயசான கோழிக்குக் காலு செதில் சொரசொரன்னு தடிச்சிருக்கும், சேவலுக்குக் குதிமுள்ளு நீண்டிருக்கும். நெஞ்செலும்போட கீழ் நுனியை அமுக்கிப் பாருங்க, குருத்து மாதிரி வளைஞ்சா இளசு, கட்டையா நின்னா வயசு ஆச்சு. மஞ்சத் தோலை நம்பாதீங்க, மக்காச்சோளம் தின்னாலும் மஞ்சளாகும், தீயில வாட்டி மஞ்சள் தடவுனா எந்தக் கோழியும் மஞ்சளாகும்.

கேள்வி: நாட்டுக்கோழி வாங்கி குக்கர்ல ஆறு விசில் விட்டேன், அப்பவும் செருப்புத்தோல் மாதிரி இருந்துச்சு. வீட்டுக்காரர் "இனிமே பிராய்லரே வாங்கு"ன்னுட்டாரு. என்ன தப்பு பண்ணேன்? (அஸ்தம்பட்டி வாசகி)

பதில்: கண்ணு, கோழி அறுத்து எவ்ளோ நேரத்துல அடுப்புல வெச்சன்னு நீ எழுதல. கடையில கண்ணு முன்னாடி அறுத்து, வீட்டுக்கு ஓடி வந்து, அரை மணி நேரத்துல குக்கர்ல போட்டிருப்பன்னு நினைக்கிறேன், ஃப்ரெஷ்ஷுன்னு. அங்கதான் மாட்டுறோம் எல்லாரும். அறுத்த உடம்பு கொஞ்ச நேரத்துல விறைக்கும், மனுஷனுக்கு விறைக்கிற மாதிரிதான், அந்த விறைப்பு விடுறதுக்குள்ள கறியை வேகவெச்சா சதை சுருண்டு இறுகிப் போகும். கழுவி, உப்பு மஞ்சள் தடவி மூடி ஃப்ரிட்ஜுல நாலஞ்சு மணி நேரம் வை, காலையில வாங்கி சாயங்காலம் சமை. பிராய்லர்லயும் இது உண்டு, இளசா இருக்குறதால தெரியாம போயிருது.

அடுத்து, விசில் எண்ணாத. பெரிய தீயில ஆறு விசில் பத்து நிமிஷத்துல வந்துரும், சவ்வு கரைய அது பத்தாது. ஒரு விசில் வந்ததும் தீயைக் குறைச்சு 30, 40 நிமிஷம் விடு, கிழட்டுச் சேவல்னா இன்னும் கூட. பப்பாளிக்காய்த் துண்டு ரெண்டு போட்டா வேலை செய்யும், அந்தப் பாலுக்குச் சதையைக் கரைக்கிற குணம் இருக்கு, ஆனா ஊற வெச்சு ராத்திரி முழுக்க மறந்துட்டா கறி கூழாயிரும். கொட்டாங்குச்சி போடுறது, ஸ்பூன் போடுறது எல்லாம் எங்க மாமியார் பண்ணுவாங்க, அவங்க இருந்த வரைக்கும் நான் வாயைத் திறக்கல, இப்ப சொல்றேன், ஒரு பிரயோஜனமும் கிடையாது.

வீட்டுக்காரரைத் திட்டாத. முப்பது நிமிஷத்துல சாப்பாடு வேணும்னா பிராய்லர்தான் சரி.

கேள்வி: வணக்கம்மா, ஏற்காட்டுல காபி எஸ்டேட் பக்கம் வீடு. காட்டுக்கோழி, காட்டுப்பன்னி எல்லாம் எங்க சுத்துப்பட்டுல திரியுது. பெரியவங்க "காட்டுக்கறி முன்னாடி உங்க நாட்டுக்கோழியெல்லாம் ஒண்ணுமே இல்ல"ங்கிறாங்க. நிஜமாவே அவ்ளோ ருசியா? (ஏற்காடு, ஒரு இளைஞர்)

பதில்: முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன் சாமி, அப்புறம் ருசிக்கு வரேன். காட்டுக்கோழியில கை வெச்சா 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாயும். 2022 திருத்தத்துக்கு அப்புறம் சாதாரணக் கேஸுக்கே 3 வருஷம் வரைக்கும் ஜெயிலு, 1 லட்சம் வரைக்கும் அபராதம், அந்தச் சட்டத்தோட முதல் அட்டவணையில, அதாவது ரொம்பக் கண்டிப்பாப் பாதுகாக்குற பட்டியல்ல, இருக்குற உயிருன்னா 3 வருஷத்துல ஆரம்பிச்சு 7 வருஷம் வரைக்கும். அடிச்சவனுக்கு மட்டும் இல்ல, கறியை வாங்கி வெச்சிருந்தாலும் கேஸுதான். உன் வயசுல ஒரு கேஸு விழுந்தா பாஸ்போர்ட்டு, வேலை எல்லாத்துக்கும் தொங்கும்.

இப்ப ருசி. எங்க தாத்தா அந்தக் காலத்துல மலையில ஒரு எஸ்டேட்டுல ரைட்டரா இருந்தாரு, லீவுக்கு அங்கதான் போவோம். 1968 இருக்கும், எனக்கு எட்டு வயசு, இந்தச் சட்டமெல்லாம் வர்றதுக்கு முன்னாடி. மழை பிடிச்சு மூணு நாளா விடல, யாரோ காட்டுப்பன்னிக் கறி ஒரு பங்கு கொண்டுவந்து கொடுத்தாங்க, ஆயா மிளகு இடிச்சுப் போட்டு வெறகடுப்புல காலையில ஏத்துனது மத்தியானம் வரைக்கும் வெந்துக்கிட்டே இருந்துச்சு. ஓட்டு வீடு, புகை, மிளகு வாசம், வெளிய ஜில்லுன்னு பனிமூட்டம், கேழ்வரகுக் களி. சாப்பிட்டப்ப சொர்க்கம்னு நினைச்சேன். இப்ப நிதானமா நாக்கைக் கேட்டுப் பாத்தா ஞாபகம் வர்றது மிளகும் புகையும்தான். கறி நாரு நாரா இருந்துச்சு, கறுப்பா இருந்துச்சு, பல்லு இடுக்குல மாட்டி ராத்திரி வரைக்கும் நோண்டிக்கிட்டு இருந்தேன். குளிரும் பசியும் சேர்ந்தா பழைய களி கூட ருசிக்கும்.

காட்டு உயிருக்குக் கொழுப்பு கம்மி, ஓட்டம் ஜாஸ்தி, வயசு எவ்ளோன்னு யாருக்கும் தெரியாது. ஒரு தடவை குட்டிப்பன்னி மாட்டும், ஒரு தடவை கிழட்டு ஆம்பளைப்பன்னி மாட்டும், அந்த வாடை வீட்டை விட்டுப் போக ரெண்டு நாளாகும். துரத்தித் துரத்தி அடிச்சதுன்னா இன்னும் மோசம். உசிருக்கு ஓடுறப்ப சதையில இருக்குற சர்க்கரைச் சத்தெல்லாம் எரிஞ்சு போயிரும், அறுத்ததுக்கப்புறம் கறியில ஏற வேண்டிய புளிப்பு ஏறாது, கறி கறுத்து, வறண்டு, சீக்கிரம் கெட்டும் போயிரும். ஆட்டுக்கும் இதேதான், லாரியில நெருக்கி ஏத்திட்டு வந்த ஆட்டை இறக்குன உடனே அறுக்கக்கூடாது, தண்ணி காட்டி ஒரு ராத்திரி ஒக்கார விடணும்னு பழைய கறிக்கடைக்காரங்க சொல்றது சும்மா இல்ல.

உங்க மலைக் காட்டுக்கோழியைப் பத்தி ஒரு சங்கதி மட்டும் சொல்லணும். வீட்டுக்கோழி எல்லாத்துக்கும் மூதாதை செவப்புக் காட்டுக்கோழின்னு ரொம்ப நாளா சொல்லிட்டு இருந்தாங்க. 2008ல ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சிக்காரங்க மரபணுவைப் பிரிச்சுப் பாத்தப்ப, கோழிக்கு மஞ்சக்காலு மஞ்சத்தோலு கொடுக்குற அந்த ஒரு சங்கதி மட்டும் செவப்புல இருந்து வரல, நம்ம தென்னாட்டுச் சாம்பல் காட்டுக்கோழிகிட்ட இருந்து வந்திருக்குன்னு கண்டுபிடிச்சாங்க. எஸ்டேட்டு வேலியில காலையில கத்துதே, அதே ஜாதிதான். உலகம் பூரா கடையில தொங்குற மஞ்சக்கால் கோழி எல்லாம் அதோட தூரத்துச் சொந்தம். அதை அடிச்சுத் தின்னுட்டுத்தான் ருசி பாக்கணுமா?

அந்த மாதிரி அழுத்தமான கறிதான் வேணும்னா கின்னிக்கோழி வாங்கிப் பாரு, வளர்க்கிறவங்க இருக்காங்க, சட்டச் சிக்கல் இல்ல, கறி கருஞ்செவப்பா நாட்டுக்கோழிக்கும் ஒரு படி மேல இருக்கும். பண்ணைக் காடையைக் காட்டுக் கவுதாரின்னு நினைச்சு வாங்கி ஏமாறாத, அஞ்சு வாரத்துல அறுக்குறாங்க, குட்டி பிராய்லர்தான் அது, பொரிச்சா எலும்போட கடிக்க நல்லா இருக்கும், அவ்ளோதான்.

கேள்வி: பிராய்லருக்கு ஹார்மோன் ஊசி போட்டுத்தானே ஊத வெக்கிறாங்க? உங்க தம்பி ஷெட்டுல என்ன நடக்குது, உண்மையைச் சொல்லுங்க. (ஆத்தூர் வாசகர்)

பதில்: என் தம்பி ஷெட்டுல அஞ்சாயிரம் கோழி. தினம் ஒவ்வொண்ணாப் பிடிச்சு ஊசி போட்டா அவன் கல்யாணத்துக்கே லீவு எடுத்திருக்க முடியாது. வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம், தீவனத்துல கலந்தா செரிச்சு ஒண்ணுமில்லாமப் போயிரும். நீங்க பாத்தது கண்ணுல சொட்டு விடுறதா இருக்கும், அது வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்து, நாட்டுக்கோழிக்கும் அதேதான் போடுவாங்க.

ஊத வெச்சது ஊசி இல்ல, கோழிக் கல்யாணம், அதாவது சீக்கிரம் வளர்றதாப் பாத்துப் பாத்து ஜோடி சேர்க்குறது. 1948ல அமெரிக்காவுல 'நாளைய கோழி'ன்னு ஒரு போட்டியே வெச்சாங்க, நெஞ்சு பெருசா, சீக்கிரம் வளர்ற கோழி யாருகிட்ட இருக்குன்னு. ஜெயிச்சது கார்னிஷ் கலப்பு. அந்தக் கார்னிஷ் எங்க இருந்து வந்துச்சுன்னு தெரியுமா? இங்கிலாந்துல கார்ன்வால் பக்கம் நம்ம ஊரு அசில் சேவலைச் சேர்த்து உண்டாக்குன இனம். சேவக்கட்டுல சண்டைக்கு விடுவாங்களே அதே அசில்தான். நம்ம சண்டைக்கோழியோட நெஞ்சை எடுத்துட்டுப் போயி, சண்டையை மட்டும் எடுத்துட்டு, திருப்பி நமக்கே பிராய்லரா அனுப்பியிருக்காங்க.

கேக்க வேண்டிய கேள்வி ஆன்டிபயாட்டிக். கொலிஸ்டின்னு ஒரு மருந்து, மனுஷனுக்குக் கடைசிக் கட்டத்துல கொடுக்குறது, அதைக் கோழித் தீவனத்துல கலந்துக்கிட்டு இருந்தாங்க, 2019லதான் அரசாங்கம் தடை பண்ணுச்சு. வேகமா வளர்றதுக்கும் ஒரு விலை இருக்கு, சில பிராய்லர் நெஞ்சுல வெள்ளை வெள்ளையா கோடு ஓடும், அமுக்குனா கட்டை மாதிரி இருக்கும், அந்தக் கறி எப்படிச் செஞ்சாலும் சவச்சவன்னு இருக்கும். அப்படி இருந்தா வாங்காதீங்க, தொடையும் காலும் மட்டும் கேளுங்க.

கேள்வி: வெள்ளாடு நல்லதா, செம்மறி நல்லதா? கட்டிப்போட்டு தீவனம் கொடுத்த ஆட்டுக்கும் மேய்ச்சல் ஆட்டுக்கும் ருசி மாறுமா? (மேட்டூர் வாசகர்)

பதில்: மேட்டூர்ல ஒக்காந்துக்கிட்டு இந்தக் கேள்வி கேக்குறீங்களே அண்ணே, மேச்சேரி உங்களுக்குக் கூப்பிடு தூரம்! மேச்சேரி ஆடு செம்மறிதான், ஆனா கம்பளி மயிரு இல்லாம வெள்ளாடு மாதிரி வழுவழுன்னு இருக்கும், தோலுக்குப் பேர் போனது, பொட்டனேரியில அதுக்குன்னே அரசு ஆராய்ச்சி நிலையம் இருக்கு. வெள்ளாட்டுல நம்ம ஊருக்குன்னு சேலம் கருப்பு இருக்கு, தனி இனம்னு அங்கீகாரமே கொடுத்திருக்காங்க.

என் ஓட்டு, குழம்புக்கு மேச்சேரி, சுக்காவுக்கும் நல்லி சூப்புக்கும் வெள்ளாடு. செம்மறிக்குக் கொழுப்பு ஜாஸ்தி, அந்தக் கொழுப்புதான் குழம்புல மேல நின்னு மினுக்கும். சில பேரு செம்மறின்னாலே கவிச்சின்னு மூக்கைப் பிடிப்பாங்க. உண்மைதான், புல்லு மேஞ்ச செம்மறிக் கொழுப்புல ஒரு வாடை ஏறும், தானியத் தீவனம் கொடுத்தா அது குறையும். அதனால மேய்ச்சல்னாலே எல்லாருக்கும் பிடிக்கும்னு இல்ல, கோழியில மேய்ச்சலுக்கு மார்க்குப் போட்ட அதே ஆளு ஆட்டுல கட்டுத்தீவனம் கேப்பாங்க. எனக்கு அந்த வாடை வேணும், அது இல்லைன்னா மட்டன்னு எதுக்குக் காசு கொடுக்கணும்? ஆனா காயடிக்காத பெரிய கிடா வேண்டாம், அந்த வாடை வேற, குத்தும். மெஸ்ஸுல ஒரு தடவை தெரியாம வாங்கிட்டு, குழம்பு பூரா அப்படியே திரும்பி வந்துச்சு, கஸ்டமர் ஒருத்தரு இலையை மூடிட்டு எந்திரிச்சே போயிட்டாரு, இன்னும் அந்த முகம் மறக்கல.

கடையில வாலைப் பாத்து வாங்குங்க. நிமிந்த குட்டை வாலுன்னா வெள்ளாடு, தொங்குனா செம்மறி. வாலை எடுத்துட்டுத் தொங்கவிட்டிருந்தா ஏன்னு கேளுங்க.

கேள்வி: குளத்துல வளர்த்த மீனுல மண்ணு வாடை வருது, ஆத்துமீனுல அவ்ளோ வரல, ஏன்? (எடப்பாடி வாசகி)

பதில்: தேங்கி நிக்கிற தண்ணியில பாசியும் நுண்ணுயிரும் ஒரு பொருளை விடும், மொத மழைக்கு மண்ணுல இருந்து கிளம்புற வாசனை இருக்கே, அதேதான் அது. மழைக்கு வந்தா கவிதை, மீனுல வந்தா சனியன். புளி தாராளமா ஊத்துங்க, அந்த வாடை புளிப்புக்கு ஒடையும். நம்ம பாட்டிங்க கெண்டைமீனுக்கு ஏன் அவ்ளோ புளி கரைச்சாங்கன்னு இப்பத்தான் எனக்கே வெளங்குது.

கேள்வி: நான் பத்தாவது படிக்கிறேன் ஆன்ட்டி. எங்க வீட்ல நாட்டுக்கோழி வெச்சா எனக்குப் பிடிக்கல, பிராய்லர் லெக் பீஸ்தான் பிடிக்குது. "ருசி தெரியாத ஜென்மம்"னு பாட்டி திட்டுறாங்க. எனக்கு நிஜமாவே ருசி தெரியலையா? (கொண்டலாம்பட்டி)

பதில்: தெரியுது தங்கம், உனக்குத் தெரிஞ்ச ருசி அது. நீ பல்லு முளைச்சதுல இருந்து தின்ன கோழி எதுவோ, உன் நாக்குக்கு அதுதான் கோழி, பாட்டிக்கு அவங்க தின்னது கோழி. அடுத்த தடவை நாட்டுக்கோழி வெக்கிறப்ப கறியைத் தொடாத, சாறை மட்டும் சூடா ஒரு டம்ளர் கேளு, மிளகு தட்டிப் போட்டு. பிடிச்சா குடி, பிடிக்கலைன்னா பரவால்ல, பிராய்லர் லெக் பீஸை நீ எடுத்துக்க. நாட்டுக்கோழி கழுத்தும் ஈரலும் மிச்சம் இருந்தா மட்டும் பாட்டிகிட்ட சொல்லி ஒரு டப்பாவுல போட்டு எனக்கு அனுப்பி விடச் சொல்லு.